பிரிக்பீல்ட்ஸின் புழக்கடையில் ஓர் ஆறு

பிரிக்பீல்ட்ஸில் நின்றுகொண்டு யாரிடமாவது கந்தசாமி கோயிலுக்கு வழி கேளுங்கள். கையை நீட்டிக் காட்டிவிடுவார்கள். விவேகானந்தா ஆசிரமம், பௌத்த மகா விகாரை, பூமாலைக் கடை, கேஎல் சென்ட்ரல் என்று எதைக் கேட்டாலும் பதில் உடனே வரும். ஆறு எந்தப் பக்கம் என்று கேட்டால்தான் விழிப்பார்கள். “ஆறா? இங்கேயா?” என்று என்னையே திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. இத்தனைக்கும் துன் சம்பந்தன் மோனோரயில் நிலையத்துப் பக்கம் சில நிமிடம் நடந்தால் போதும். கடைகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பின்னால் கிள்ளான் ஆறு தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

இந்த வட்டாரத்தை உண்டாக்கியதே இங்குள்ள களிமண்தான். 1881இல் தீயும் வெள்ளமும் சேர்ந்து, அத்தாப்புக் குடிசைகளாக இருந்த கோலாலம்பூரை அழித்துவிட்டுப் போயின. மறு ஆண்டு சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் சுவெட்டன்ஹாம், இனி எழும்பும் கட்டடங்கள் செங்கல்லும் ஓடுமாக இருக்க வேண்டும் என்றார். சூளைகள் இங்கே புகையத் தொடங்கின. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்து ரயில் ஓடியது. அதுவரை படகில் வந்துபோன சரக்கு ரயிலேறியது. பிறகு பணிமனைகள், தண்டவாளக் கொட்டடிகள், ரயில்வே குடியிருப்புகள். தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு வந்தவர்கள், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கள். ஊர் தன் வாசலை ரயில் பக்கம் வைத்துக்கொண்டது. ஆறு புழக்கடையாகிவிட்டது. புழக்கடையில் நாம் என்னென்ன செய்வோமோ அத்தனையும் அதற்குச் செய்தோம்.

ஆறும் சும்மா இருக்கவில்லை. 1926இல் ஒரு பெருவெள்ளம், 1971 ஜனவரியில் இன்னொன்று. அதனால் அதை நேராக்கி, இருபுறமும் கான்கிரீட் சரிவு போட்டு, வேலியும் அடைத்தார்கள். 2007இல் திறந்த ஸ்மார்ட் சுரங்கம், பெருமழை நாளில் வெள்ளத்தை 9.7 கிலோமீட்டர் தூரம் நகருக்கு அடியிலேயே திருப்பிவிடுகிறது. பொறியாளர்களின் பயம் நியாயமானது. குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வேலி போட்டபின் ஓர் ஊர் தன் ஆற்றைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. பார்க்காத ஒன்றைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை.

எனக்குச் சனிக்கிழமைக் காலைதான் தோது. 2015இல் மிட் வேலியிலிருந்து டத்தாரான் மெர்டேக்கா வரை ஒரு சைக்கிள் பாதை போட்டார்கள். பிரிக்பீல்ட்ஸ் வழியாகப் போகும் அந்தப் பாதையில் சைக்கிளைவிட மோட்டார் சைக்கிள்களே அதிகம் நிற்கின்றன. சில இடங்களில் தளமும் பெயர்ந்திருக்கிறது. நடக்கிறவனுக்கு இது போதும். பேச்சுத் துணைக்கு ஆள் கூட்டிப் போவதில்லை. துணையோடு போனால் வீட்டுக் கடனைப் பற்றியும் பிள்ளைகளின் பரீட்சையைப் பற்றியும் பேசிக்கொண்டே மிட் வேலிக்குப் போய்ச் சேர்ந்துவிடுவோம். ஆற்றைப் பார்த்திருக்க மாட்டோம். ஆனால் இந்தத் தனிமை எல்லோருக்கும் கிடைப்பதில்லை. மேம்பாலத்துக்குக் கீழே இருட்டாகக் கிடக்கும் இடங்களில் ஒரு பெண் தனியாக நடந்து வந்ததை நான் பார்த்ததே அரிது. நாலு விளக்குப் போட்டால் மாறக்கூடிய விஷயம் இது.

முதலில் கண்ணில் படுவது அழகில்லை. பால் அதிகம் ஊற்றிய தேத்தண்ணீரின் நிறத்தில் தண்ணீர். மிதந்து வரும் பாலிஸ்டைரீன் பெட்டி, ஒற்றைச் செருப்பு, டுரியான் ஓடு. தலைக்கு மேலே மோனோரயில் ஆற்றைக் கடக்கிறது. அதில் இருப்பவர்கள் கைபேசியில் இருக்கிறார்கள். எதிர்க்கரையில், 2011 வரை மாமன்னர் குடியிருந்த பழைய அரண்மனை மரங்களுக்குள் ஒளிந்திருக்கிறது.

கொஞ்ச நேரம் நின்றால் கண் பழகுகிறது. கான்கிரீட் சரிவில் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன, மண்ணுக்குள் தேங்கும் நீர் கசிந்து வெளியேறுவதற்காக. அதில் ஒரு துளைக்குள் அரசங்கன்று முளைத்து முழ உயரம் வளர்ந்திருக்கிறது. மைனாவோ புறாவோ போட்ட எச்சத்தில் வந்த விதையாக இருக்கும். வேர் சிமெண்ட் மேலே ஒட்டிக்கொண்டு இரண்டாகப் பிரிந்து, விரிசல் எங்கே என்று துழாவியபடி இறங்குகிறது. இலையின் கூர்நுனி மட்டும், காற்று இருப்பதே தெரியாத நேரத்திலும் ஆடிக்கொண்டிருக்கிறது. பராமரிப்பு ஆட்கள் வந்தால் முதலில் வெட்டுவது அதைத்தான்; வெட்டவும் வேண்டும், விட்டால் சுவரைப் பிளந்துவிடும். அது எனக்கும் தெரியும். இருந்தாலும் ஒவ்வொரு முறையும் அது இருக்கிறதா என்று தேடுகிறேன்.

நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஓர் உள்ளான் பின்புறத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே ஓடும். ஆண்டுக் கடைசியில் வட ஆசியக் குளிருக்குத் தப்பி வருகிற பறவை அது. எத்தனையோ சதுப்புநிலம் இருக்க, இந்தச் சிமெண்ட் விளிம்பைத் தேடி வருகிறது. காகங்களுக்கும் ஒரு பயணக் கதை உண்டு. இருபதாம் நூற்றாண்டு பிறந்ததை ஒட்டிய ஆண்டுகளில், காப்பித் தோட்டங்களின் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, காகம் இருந்துவிட்டது. தோட்ட வேலைக்கென்று கடல் கடந்து வந்து, வேலை போனபின் நகரத்துக்குக் குடிபெயர்ந்த இன்னொரு கூட்டத்தை நினைக்காமல் அவற்றை என்னால் பார்க்க முடிவதில்லை.

பாலத்தருகே ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். “என்ன மீன்ணே விழுது?” என்றேன். “பண்டாராயாதான் தம்பி, வேற என்ன வரும்?” என்று சிரித்தார். மீன் தொட்டியைச் சுத்தம் செய்ய வளர்த்து, சலித்துப்போனதும் ஆற்றில் விட்டுவிட்ட தென்னமெரிக்க மீன் அது. அழுக்கைத் தின்பதால் மாநகராட்சியின் பெயரை வைத்துவிட்டார்கள் மலாய்க்காரர்கள். “சாப்பிடுவீங்களா?” என்று கேட்டதற்கு, “ஐயோ, இந்தத் தண்ணியிலயா? பொழுது போகணும்ல” என்றார். பக்கத்தில் கங்கோங் கீரை செழிப்பாகப் படர்ந்திருந்தது. அதையும் யாரும் பறிப்பதாகத் தெரியவில்லை.

இந்த மீனைக் காட்டி ஆறு பிழைத்துவிட்டது என்று சொல்ல முடியாது. தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும் சாதி அது. நம்பிக்கைக்கு வேறு சாட்சி வேண்டும். எனக்குச் சாட்சி கொக்குகள்தான். சின்ன மீன் கிடைக்காத இடத்தில் கொக்கு காத்து நிற்காது. எப்போதாவது ஒரு மீன்கொத்தி, வேலிக் கம்பியிலிருந்து நீலக் கோடாகப் பாய்ந்து போகும். கலங்கலுக்குள் இரை கண்ணுக்குப் புலப்படும் அளவுக்கு எங்கோ தெளிவு இருக்கிறது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

ஆற்றங்கரை மரத்தடி ஒன்றில் பழைய சாமி படங்கள் சாத்தி வைத்திருக்கும். நிறம் போன லட்சுமி, கண்ணாடி உடைந்த முருகன். குப்பைத் தொட்டியில் போட மனம் வராமல் நம் ஆட்கள்தான் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஆற்றங்கரை என்றால் இன்னும் ஏதோ ஒரு மரியாதை மிச்சமிருக்கிறது. அந்த மரியாதை தண்ணீர் வரை ஏன் இறங்கவில்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம். தைப்பூசத்தன்று காவடி எடுப்பவர்கள் பத்துமலையருகே பத்து ஆற்றங்கரையில் தலைமுழுகிவிட்டு 272 படி ஏறுகிறார்கள். அந்தப் பத்து ஆறு கோம்பாக் ஆற்றில் சேர்கிறது. கோம்பாக், மஸ்ஜித் ஜாமெக் அருகே கிள்ளான் ஆற்றில் கலக்கிறது. கலந்த தண்ணீர் பிரிக்பீல்ட்ஸ் வழியாகத்தான் கடலுக்குப் போகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் பலரின் அஸ்தியைக் கரைத்ததும் இந்த ஆறு போய்ச் சேரும் கிள்ளான் கடல் பக்கம்தான். தீர்த்தமாடுவதும் கரைப்பதும் இதே தண்ணீரின் இரண்டு முனைகளில். நடுவில் இருக்கும் நாம் அதை லோங்காங், வெறும் சாக்கடை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

அரசு சும்மா இல்லை. 2011இல் தொடங்கிய ‘ரிவர் ஆஃப் லைஃப்’ திட்டத்துக்கு 440 கோடி ரிங்கிட் என்று கணக்கு. கிள்ளான் ஆற்றையும் கிளையாறுகளையும் 110 கிலோமீட்டருக்குச் சுத்தம் செய்வது, நகர நடுவில் 10.7 கிலோமீட்டரை அழகுபடுத்துவது, உடலில் பட்டால் கெடுதல் இல்லாத தரத்துக்குத் தண்ணீரைக் கொண்டுவருவது ஆகியவை இலக்கு. 2017இல் மஸ்ஜித் ஜாமெக் சங்கமத்தில் நீல விளக்கும் பனிப்புகையும் வந்தன. சுற்றுப்பயணிகள் படம் எடுக்கிறார்கள்; நானும் எடுத்திருக்கிறேன். ஆனால் நீல வெளிச்சத்தில் எந்தத் தண்ணீரும் அழகாகத்தான் தெரியும். ஆற்றை உண்மையில் மாற்றும் வேலைகள் படத்துக்கு ஏற்றவை அல்ல: குப்பையைத் தடுக்கும் மிதவைகள், பந்தாய் டாலாமில் தரைக்கு அடியில் கட்டி மேலே பூங்கா அமைத்த கழிவுநீர் நிலையம், கிள்ளானில் 2019 முதல் சூரிய ஒளியில் இயங்கி மிதக்கும் குப்பையை வாரும் இயந்திரப் படகு. அந்தப் படகு கிள்ளானில் அள்ளுவதில் கோலாலம்பூர் வீசியதும் இருக்கிறது.

சிங்கப்பூர் 1977இல் தொடங்கிப் பத்தே ஆண்டில் தன் ஆற்றை மீட்டது. பன்றிப் பண்ணையை மாற்றியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தெருவோர அங்காடிக்காரர்களைக் கழிவுநீர்க் குழாய் உள்ள கட்டடங்களுக்குள் குடியேற்றியதும் அதே அளவு முக்கியம். சோற்றுத் தண்ணீரும் எண்ணெயும் மழைநீர்க் கால்வாயில் இறங்காமல் நின்றன. கிள்ளான் ஆற்றுக்கும் இதே நோய்தான். வீட்டுக் கழிவு, சந்தைக் கழிவு, சாப்பாட்டுக் கடைக் கழிவு. பிரிக்பீல்ட்ஸில் எத்தனை வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும்.

பார்வையற்றோர் சங்கத்தின் வளாகம் ஆற்றோரத்து ஜாலான் தெபிங்கில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோலைத் தட்டியபடி அந்தப் பக்கம் நடப்பவர்கள், ஊரில் கண்ணுள்ள பலர் கவனிக்காத ஒன்றைக் கேட்டிருப்பார்கள்: மழை பெய்த மறுநாள் ஆற்றின் குரல் கனத்துப்போகிறது. அதன் நாற்றமும் அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. நன்றாக விடிந்தபின் போங்கள். மலைப்பக்கம் வானம் கறுத்திருந்தால் வேலிக்கு அந்தப் பக்கம் இறங்கவே கூடாது. இங்கே தூறலே இல்லாவிட்டாலும் மேலே பெய்த மழையில் தண்ணீர் மளமளவென்று ஏறும். நடந்து முடித்தபின் பசிக்கும். ஏதாவது கடைக்குத்தான் போவீர்கள். உணவகங்களில் எண்ணெயைத் தடுத்து நிறுத்தும் பொறி இருக்க வேண்டும் என்பது மாநகர மன்றத்தின் உரிம விதி. காசு கொடுக்கும்போது கல்லாவில் இருப்பவரிடம் தன்மையாகவே கேளுங்கள்: “அண்ணே, கடையில எண்ணெய்ப் பொறி இருக்கா, எப்போ கழுவினீங்க?” பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆள் வருவதற்குள் அவர் கழுவி வைத்திருப்பார்.