முதல் பிறந்தநாளில் கேட்க வேண்டிய கேள்வி

குழந்தைக்கு ஒரு வயது நிறைகிறது என்றால் வீட்டுக்கு வருகிற சொந்தபந்தங்கள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்பது ஒன்றைத்தான்: "நடக்குறாளா?" இல்லை என்று சொன்னால் உடனே ஒரு முன்னுதாரணம் வரும். யாரோ ஒரு பெரியம்மாவின் பேரன் ஒன்பது மாதத்திலேயே வீடு முழுக்க ஓடியிருப்பான். என் மகளுக்கு இந்த மாதம் ஒரு வயது. அவள் இன்னும் நடக்கவில்லை. எனக்கு அதில் கவலையும் இல்லை.

காரணம், உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட ஒரு கணக்கு. கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய 5 நாடுகளில் நலமாக வளர்ந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து எடுத்தது அது. இந்தியக் குழந்தைகள் தெற்கு தில்லியைச் சேர்ந்தவர்கள். பிடிமானமில்லாமல் நடப்பது 8.2 மாதத்திலும் வரலாம், 17.6 மாதத்திலும் வரலாம், இரண்டும் இயல்புதான். கையும் முட்டியும் ஊன்றித் தவழ்வது 5.2 மாதத்திலிருந்து 13.5 மாதத்துக்குள். அதிலும் நூற்றில் நான்கு பேருக்குச் சற்று அதிகமானோர் அப்படித் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியோ வயிற்றால் ஊர்ந்தோ நகர்ந்துவிட்டு நேராக எழுந்து நின்றுவிட்டார்கள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு மாதம் முன்கூட்டிப் பிறந்திருந்தால், பிறந்தநாள் கொண்டாடும் அன்று அதன் வளர்ச்சியைப் பத்து மாதக் குழந்தையோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

நடை வரும்போது அது விழுந்து விழுந்துதான் வரும். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் குழுவினர் 12 முதல் 19 மாதக் குழந்தைகளை விளையாட விட்டு எண்ணிப் பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக 2,368 அடிகள், 17 விழுகைகள். ஆகவே குழந்தை விழுந்துவிட்டதே என்று பாட்டியைக் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை. கோபப்பட வேண்டியது வாக்கர் வாங்கிக் கொடுக்கிறவர்கள் மேல். துணி இருக்கையில் தொங்கியபடி கால் நுனியால் தரையை உந்தும் குழந்தை சமநிலையைக் கற்றுக்கொள்வதில்லை. கற்றுக்கொள்ளாமலேயே வேகம் மட்டும் கிடைத்துவிடுகிறது, படிக்கட்டு வரைக்கும். கனடா 2004இல் வாக்கர் விற்பனையையே தடை செய்துவிட்டது. நம் ஊர் மர நடைவண்டி வேறு சங்கதி. அதைத் தள்ள, குழந்தை தன் காலில் தானே நிற்க வேண்டும். டைல்ஸ் தரையில் வண்டி வழுக்கிக்கொண்டு ஓடும் என்பதால் பக்கத்தில் ஆள் இருந்தால் போதும்.

காலைப் பற்றி இவ்வளவுதான். நான் கவனிப்பது கையை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களும் கைகொட்டும் சப்பாணிப் பருவத்தை முன்னே வைத்து, தளர்நடையிட்டு வரும் வருகைப் பருவத்தை அதற்குப் பின்னேதான் வைத்திருக்கிறார்கள்.

ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்குகின்றன. தரையில் கிடக்கும் ஒரு கடுகையும் எடுத்துவிடுவார்கள். அன்றிலிருந்து வேர்க்கடலை, நாணயம், ரிமோட்டின் பட்டன் பேட்டரி எல்லாம் அலமாரியின் மேல்தட்டுக்குப் போக வேண்டும். பேட்டரியை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். உணவுக்குழாயை அது சில மணி நேரத்தில் புண்ணாக்கிவிடும்.

அதற்கடுத்து வருவதுதான் பெரிய மாற்றம்: விரல் நீட்டிக் காட்டுவது. இதில் இரண்டு வகை உண்டு என்று 1970களிலேயே எலிசபெத் பேட்ஸ் போன்ற ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். பிஸ்கட் டப்பாவை நோக்கி விரல் நீட்டினால் அது "எடுத்துக் கொடு". மதில்மேல் உட்கார்ந்திருக்கும் காக்காயைக் காட்டினால் அது "பாரேன்!" காக்காய் என் மகளுக்கு வேண்டாம்; நான் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் போனில் இருந்தால் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறாள், மறுபடி விரலை நீட்டுகிறாள், கூடவே "அ! அ!" என்று அதட்டுகிறாள். இந்தச் சின்ன அதட்டலுக்குள் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது பாருங்கள். அப்பாவின் கவனம் என்று ஒன்று இருக்கிறது, அது இப்போது வேறெங்கோ இருக்கிறது, அதை இழுத்து நான் பார்ப்பதன்மேல் வைக்க முடியும். மொழி இதன்மேல்தான் எழுகிறது. விரல் காட்டும்போது நாம் செய்ய வேண்டியது சுலபம்: அந்தத் திசையில் பார்த்து, "ஆமா, காக்கா! மதில்மேல உக்காந்திருக்கு" என்று சொல்வது. ஃபிளாஷ் கார்டு வாங்கும் காசு மிச்சம்.

நம் முகத்தையும் அவர்கள் படிக்கிறார்கள். 1985இல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி பதித்த மேசையில் தவழ விட்டார்கள். பாதி தூரத்துக்குப் பின் கண்ணாடிக்குக் கீழே தரை சற்று இறங்கிப் பள்ளம்போலத் தெரியும். எதிர்ப்பக்கம் அம்மா நிற்பார். அம்மா சிரித்த முகத்தோடு நின்றபோது 19 குழந்தைகளில் 14 பேர் தாண்டி வந்தார்கள். பயந்த முகத்தோடு நின்றபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. ஆய்வு அம்மாக்களை வைத்து நடந்தது. ஆனால் விழுந்த குழந்தை அழலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் அப்பாவின் முகத்தையும் ஒரு கணம் பார்ப்பதை எந்த வீட்டிலும் காணலாம்.

அடுத்தது பிரிவு. ஆறு மாதத்தில் யார் தூக்கினாலும் போன குழந்தை, இப்போது அப்பா பைக் சாவியை எடுத்தாலே வீறிடுகிறது. செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். உண்மையில் குழந்தைக்கு அறிவு கூடியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத பொருளும் எங்கேயோ இருக்கிறது என்ற புரிதலை உளவியலாளர் பியாஜே நுணுகிப் பார்த்து எழுதினார். எட்டாவது மாதத்திலிருந்து பன்னிரண்டாவது மாதத்துக்குள் அது வலுப்படுகிறது. துணியால் மூடிய கிலுகிலுப்பையைத் தேடி எடுக்கத் தெரிந்த குழந்தைக்கு, கதவுக்கு அந்தப் பக்கம் போன அப்பாவும் எங்கேயோ இருக்கிறார் என்று தெரியும். எப்போது வருவார் என்று மட்டும் தெரியாது. அதனால், போக்கு காட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக நழுவுவது மோசமான யோசனை. அடுத்த நாளிலிருந்து நாம் அறை மாறினாலே அது பதறும். சொல்லிக்கொண்டு, டாட்டா காட்டிவிட்டு, அழுகையைப் பார்த்துக்கொண்டேதான் கிளம்ப வேண்டும். முகத்தைத் துண்டால் மூடி "அப்பா எங்க காணோம்?" என்று விளையாடுவது இதற்கு நல்ல பயிற்சி. போனவர் திரும்பி வருவார் என்பதை அது சிரிப்போடு சொல்லிக்கொடுக்கிறது.

புதுமுகம் கண்டு மிரள்வதும் இதே காலத்தில்தான் உச்சத்துக்குப் போகிறது. நாமோ சரியாக இந்த நேரம் பார்த்து மொட்டை, காதுகுத்து என்று நாள் குறிக்கிறோம். தாய்மாமன் வெளியூரிலிருந்து அன்று காலைதான் வந்து இறங்கியிருப்பார். முந்தின நாளே வரச் சொல்லி, குழந்தையோடு சும்மா உட்கார்ந்து விளையாட விட்டால், மடியில் உட்காரும் நேரத்துக்கு அவர் அந்நியராக இருக்க மாட்டார். காது குத்தும் வலிக்கு எப்படியும் அழும். மாமாவைப் பார்த்து வரும் அழுகையாவது குறையும்.

பேச்சைப் பொறுத்தவரை, ஒரு வயதில் ஒன்றிரண்டு சொற்கள் வந்தால் சரி, வராவிட்டாலும் சரி. "ப்பா ப்பா" என்று பத்தாம் மாதத்தில் சொன்னது நம்மைக் கூப்பிட்டதாக எல்லா அப்பாக்களும் சத்தியம் செய்வோம். உதட்டை மூடித் திறந்தால் வரும் எளிய ஒலி அது. நாம் ஓடிப்போய்த் தூக்கத் தூக்கத்தான் அதற்குப் பொருள் ஏறுகிறது. வாய் பேசாவிட்டாலும் காது வெகுதூரம் போய்விட்டிருக்கும். ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் 1984இல் கனடாவில் ஆங்கிலச் சூழலில் வளரும் குழந்தைகளைச் சோதித்தார்கள். ஹிந்தியின் த, ட ஒலிகளை 6 முதல் 8 மாதக் குழந்தைகள் பிரித்தறிந்தார்கள்; 10 முதல் 12 மாதக் குழந்தைகளில் பெரும்பாலோரால் அது முடியவில்லை. வீட்டில் புழங்காத ஒலிகளைக் காது கழித்துக்கட்டுகிறது. ஒரு வயதுக் குழந்தையிடம் வாய் ஓயாமல் பேசுவது வீண் இல்லை என்பதற்கு எனக்கு இந்த ஆய்வு போதும். டிவிக்கும் போனுக்கும் அந்த வேலையைக் கொடுக்க முடியாது. ஒரு வயதுக்குக் கீழே திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது.

சாப்பாட்டுச் சண்டையும் இப்போது ஆரம்பிக்கும். முதல் ஆண்டில் பிறந்த எடை சுமார் மூன்று மடங்காகிறது. 3 கிலோ 9 கிலோவாகும். அதே வேகத்தில் போக முடியுமா? இரண்டாம் ஆண்டு முழுவதற்கும் கூடுவது இரண்டு, இரண்டரை கிலோ. பசி தானாகக் குறைகிறது. தட்டோடு பின்னால் ஓடுவதை நிறுத்தலாம்.

இவ்வளவு நேரம் கவலை வேண்டாம் என்று சொன்னவன், கவலைப்பட வேண்டிய இடத்தையும் சொல்ல வேண்டும். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, மழலை ஒலிகள் இல்லை, டாட்டா காட்டுவதோ விரல் நீட்டுவதோ கை தூக்கி "தூக்கு" என்பதோ எதுவுமே இல்லை, பிடித்துக்கொண்டும் நிற்க முடியவில்லை என்றால் குழந்தை மருத்துவரைப் பார்க்க வேண்டும். முன்பு செய்துகொண்டிருந்த ஒன்றை நிறுத்திவிட்டால், எந்த வயதானாலும் உடனே. "பையன்கள் லேட்டாத்தான் பேசுவாங்க" என்ற சமாதானத்தை மருத்துவர் பார்த்த பிறகு சொல்லிக்கொள்ளலாம். 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவில் ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையங்கள் அமைக்கப்பட்டன. பேச்சு, கேட்கும் திறன், உடல் இயக்கம் மூன்றையும் அங்கே கட்டணமில்லாமல் பரிசோதிப்பார்கள். முதலில் காதைப் பார்க்கச் சொல்லுங்கள்.