இரவு வார்டில் முடிவெடுப்பவர்

திருச்செங்கோட்டில் ஒரு மருத்துவமனை வார்டுக்குள் நுழைந்தால் ஊரின் தொழில்கள் எல்லாம் கட்டிலில் படுத்திருக்கும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடமாநிலம் போய் விபத்தில் எலும்பு முறிந்து திரும்பிய இளைஞர், விசைத்தறிப் பஞ்சுத் தூசியில் பல வருடம் நின்று நெஞ்சுச் சளியோடு வந்த பெரியவர், குடலிறக்க அறுவை முடிந்தவர். டாக்டர் காலையும் மாலையும் வந்து பார்த்துப் போவார். மற்ற நேரமெல்லாம் இவர்களைக் கவனிப்பது செவிலியர். யாரை முதலில் பார்ப்பது, எந்த ஊசியை நிறுத்தி வைத்துவிட்டு டாக்டரைக் கேட்பது, அவரை இந்நேரத்தில் எழுப்பலாமா என்பதையெல்லாம் நள்ளிரவில் தீர்மானிக்கிறவர் அவர்தான். பக்கத்தில் உள்ள இளையாம்பாளையம் நர்சிங் கல்லூரியில் நான்கு வருடம் படிக்கும் பிள்ளைகள் கற்பதில் பெரும்பகுதி இந்தத் தீர்மானிக்கும் திறமைதான்.

சத்தமில்லாதவரிடம் முதலில்

ஒரே நேரத்தில் மூன்று பேர் கூப்பிடுகிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் தையல் வலியில் கத்துகிறார். இன்னொருவருக்கு டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது. மூன்றாமவர் எதுவும் கேட்கவில்லை. முகம் வெளுத்து, மேல்மூச்சு வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறார், அவர் மனைவிதான் கூப்பிடுகிறார். தேர்ந்த செவிலியர் அந்த மூன்றாமவரிடம் போவார். கத்த முடிகிறவருக்கு மூச்சு இருக்கிறது.

உள்ளே ரத்தம் கசிந்தாலும், கிருமி ரத்தத்தில் பரவினாலும் முதலில் ஏறுவது மூச்சும் நாடித்துடிப்பும். பிரஷர் பெரும்பாலும் பிறகுதான் இறங்கும். உடல் வலுவுள்ள இளைஞருக்கு மொத்த ரத்தத்தில் 15 விழுக்காட்டுக்கு மேல் போன பிறகும் பிரஷர் சரியாகவே காட்டலாம். அதனால் ‘பிரஷர் நார்மல்’ என்ற ஒன்றை மட்டும் வைத்து நிம்மதியாகிவிடக் கூடாது.

பிரிட்டனில் 2012-இல் வந்து 2017-இல் திருத்தப்பட்ட எச்சரிக்கை மதிப்பெண் முறை இதைக் கணக்காகவே எழுதி வைத்திருக்கிறது. நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு வரை மதிப்பெண் இல்லை. 25-ஐத் தொட்டால் 3. திடீரென்று ஆள் குழம்பிப் பேசினாலும் 3. நாடி, பிரஷர், காய்ச்சல், ஆக்சிஜன் அளவு எல்லாம் சேர்த்து 5 வந்தால் அவசரமாக மருத்துவர் பார்க்க வேண்டும். 7 என்றால் நெருக்கடி. இத்தனையிலும் மூச்சை எண்ணக் கருவியே தேவையில்லை. கடிகாரமும் ஒரு நிமிடப் பொறுமையும் போதும். அந்த ஒரு நிமிடம்தான் வேலை நெருக்கடியில் முதலில் பறிபோகிறது.

ஆக்சிஜனைக் கூட்டச் சொல்லாதீர்கள்

கொரோனாவுக்குப் பிறகு விரலில் மாட்டும் கருவி பல வீடுகளுக்கு வந்துவிட்டது. 95-க்குக் கீழே காட்டினால் பதறிப்போய், ‘சிஸ்டர், கொஞ்சம் கூட்டி வையுங்க’ என்கிறோம். நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்கு 88 முதல் 92 வரைதான் மருத்துவர் குறிக்கும் இலக்கு. அவர்களுக்கு அளவுக்கு மீறி ஆக்சிஜன் கொடுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரலாம். பீடி பிடித்தும் தூசியை உள்ளிழுத்தும் நுரையீரல் கெட்டுப்போன தறிக்காரர்கள் இந்த வகையில் வரக்கூடியவர்கள். ‘வேண்டாங்கய்யா’ என்று சிஸ்டர் மறுத்தால் அது அலட்சியம் என்று சண்டைக்குப் போகாதீர்கள். குழாயின் திருகில் நீங்களாகக் கை வைப்பதும் கூடாது.

கூட இருப்பவர் சொல்ல வேண்டியவை

சர்க்கரை நோயாளி காலையில் ரெண்டு இட்லியை அப்படியே வைத்துவிட்டார் என்றால், இன்சுலின் போடும் முன்பே சொல்லுங்கள். சாப்பிடாத வயிற்றில் வழக்கமான ஊசி விழுந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடலாம்.

சிறுநீரையும் கவனியுங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்குச் சுமார் 30 மில்லி இறங்க வேண்டும். பையில் பல மணி நேரமாக அளவு ஏறவில்லை என்றால் சொல்லியாக வேண்டும். அறுவை முடிந்தவருக்குத் தாகம் என்று பரிதாபப்பட்டு, கேட்காமல் இளநீர் ஊற்றாதீர்கள். மயக்க மருந்து முழுதாகத் தெளியாதவருக்கு அது நுரையீரலுக்குள் இறங்கலாம்; சிறுநீரகம் கெட்டவருக்கு இளநீரின் பொட்டாசியமே இதயத்தைத் தாக்கலாம். மறுநாளே எழுப்பி நடக்க வைத்தால் கோபப்படவும் வேண்டாம். படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையலாம். அது நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிரே போகலாம்.

எல்லாவற்றையும் விட முக்கியமான தகவல் ஒன்று உண்டு: ‘சிஸ்டர், அப்பா எப்பவும் போல இல்லைங்க.’ அவர் எப்போதும் எப்படி இருப்பார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தயங்காமல் சொல்லுங்கள், கேட்கவில்லை என்றால் திரும்பச் சொல்லுங்கள்.

ஒருவருக்கு எத்தனை நோயாளி?

இவ்வளவையும் பார்க்கச் செவிலியருக்கு நேரம் வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்து லிண்டா எய்க்கன் குழு 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை நோயாளிகளைக் கவனிக்கும் செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போதெல்லாம், அந்த நோயாளிகள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு உயர்ந்திருந்தது. நம்மில் பலர் அறுவைக்குச் சேரும் முன் டாக்டரின் கைராசியையும் காப்பீட்டு அட்டை செல்லுமா என்பதையும் விசாரிக்கிறோம். ராத்திரி அந்த வார்டில் எத்தனை செவிலியர், ஒருவருக்கு எத்தனை கட்டில் என்று அதே வாயால் கேளுங்கள். தனியார் மருத்துவமனையானால் சேரும் முன்பே கேளுங்கள். அரசு மருத்துவமனையானால் காலியிடங்களை நிரப்பச் சொல்லி மனுக் கொடுங்கள்.