எந்த ஊர் ஏழு மணி?

சென்னையில் ஓர் இலக்கிய அமைப்பு இணையவழிக் கூட்டம் நடத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். அழைப்பிதழில் பேச்சாளர் படம், தலைப்பு, ஜூம் லிங்க் எல்லாம் இருக்கும். நேரம் மட்டும் ‘மாலை 7 மணி’ என்று ஒற்றை வரியில் நிற்கும். ஜூலை மாதமானால் அது லண்டனில் பிற்பகல் 2.30, டொராண்டோவில் காலை 9.30, சிட்னியில் இரவு 11.30. அதே கூட்டம் ஜனவரியில் நடந்தால் லண்டனில் 1.30, டொராண்டோவில் 8.30. சிட்னியிலோ நள்ளிரவு தாண்டி 12.30 ஆகி, தேதியே மாறிவிடும்.

இந்தியாவில் கடிகாரத்தை யாரும் முன்னும் பின்னும் தள்ளுவதில்லை. அதனாலேயே வெளிநாட்டில் இருப்பவர் படும் பாடு இங்கே கண்ணில் படுவதில்லை. டொராண்டோவும் நியூயார்க்கும் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று ஒரு மணி நேரம் முன்னே போகின்றன. லண்டன் அந்த மாதத்தின் கடைசி ஞாயிறு வரை காத்திருக்கிறது. சிட்னி ஏப்ரல் முதல் ஞாயிறன்று பின்னே வருகிறது. அழைப்பிதழின் அடியில் நாலு ஊர் நேரத்தைப் பழைய அழைப்பிதழைப் பார்த்து அடித்துப் போடுகிறவர்கள் இந்த வாரங்களில்தான் தவறுகிறார்கள். ‘ஐ.எஸ்.டி.’ என்று போட்டுவிட்டால் போதும் என்பாரும் உண்டு. அந்த மூன்றெழுத்தை இஸ்ரேலும் அயர்லாந்தும்கூடத் தங்கள் நேரத்துக்குப் பயன்படுத்துகின்றன.

இத்தனைக்கும் தீர்வு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. பார்ப்பவரின் போன் எந்த ஊர் நேரத்தில் ஓடுகிறது என்பது அதிலுள்ள உலாவிக்குத் தெரியும். இணையதளம் கேட்டால், ‘ஆசியா/கொல்கத்தா’, ‘அமெரிக்கா/டொராண்டோ’ என்று பெயரைச் சொல்லிவிடும். நிகழ்ச்சி நேரத்தை உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் அனுப்பினால், அவரவர் நேரத்துக்கு மாற்றிக் காட்டுவதற்குச் சில வரி நிரல் போதும். கூட்டம் நடத்துபவர் ஒரே ஒரு தடவை செய்யக்கூடிய வேலை இது. அதை வருகிறவர் ஒவ்வொருவர் தலையிலும் கட்டுவது நியாயமே இல்லை.

மாற்றிக் காட்டும்போது கிழமையும் தேதியும் கூடவே வரவேண்டும். நம் பேச்சு வழக்கில் சனிக்கிழமை இரவு என்பது விடியும்வரை நீள்கிறது. கடிகாரமோ பன்னிரண்டு அடித்ததும் ஞாயிறு என்கிறது. எனவே சிட்னிக்காரருக்கு ‘உங்கள் நேரம்: ஜனவரி 18, ஞாயிறு, நள்ளிரவு 12.30 (சனி இரவு விழித்திருக்க வேண்டும்)’ என்றே எழுதிவிடலாம். பக்கத்திலேயே ‘சென்னை நேரம்: ஜனவரி 17, சனி, மாலை 7.00’ என்பதும் இருக்கட்டும். நண்பருக்குப் போனில் சொல்லும்போது இருவருக்கும் பொதுவாக ஒரு நேரம் வேண்டுமே.

உலாவி சொல்லும் ‘ஆசியா/கொல்கத்தா’ போன்ற ஊர்ப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு பெரிய உழைப்பு இருக்கிறது. அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் 1980களில் தொடங்கி, பின்னர் பால் எகர்ட் பராமரித்துவரும் நேர மண்டலத் தரவுத்தளம் அது. எந்த ஊரில் எந்த நாளில் கடிகாரம் எவ்வளவு நகர்ந்தது என்பதையெல்லாம் அதில் பதிந்து வைத்திருக்கிறார்கள். நம் கைபேசிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. கொழும்பின் பதிவைப் பார்த்தால் வரலாறே தெரிகிறது. மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க 1996 மே மாதம் இலங்கை ஒரு மணி நேரம் முன்னே போனது. அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. 2006 ஏப்ரலில்தான் பழையபடி இந்திய நேரத்தோடு சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் பழைய நேரத்தையே வைத்திருந்தன. ஒரே தீவில் இரண்டு கடிகாரம். 2003இல் கொழும்பில் நடந்த நிகழ்ச்சியை இன்றைய ஐந்தரை மணிக் கணக்கில் மாற்றிக் காட்டினால் அரை மணி பிசகும்.

இன்னும் நடக்காத நிகழ்ச்சிக்கு வேறொரு எச்சரிக்கை. 2023 மார்ச்சில், கோடை நேரம் தொடங்கச் சில நாளே இருக்கும்போது, லெபனான் அரசு ரமலானை முன்னிட்டு அதைத் தள்ளிவைத்தது. மரோனைட் தேவாலயம் ஏற்க மறுத்தது. நாடு இரண்டு நேரத்தில் ஓடியது; அதே வாரத்தில் அரசு முடிவை மாற்றிக்கொண்டது. முன்கூட்டியே யு.டி.சி.க்கு மாற்றி அதை மட்டும் சேமித்திருந்தவர்களின் கணக்கு இப்படிப்பட்ட சமயங்களில் பொய்த்துப்போகும். ‘பெய்ரூட், மாலை 6 மணி’ என்று ஊரையும் அந்த ஊர் நேரத்தையும் சேமித்து வைத்து, காட்டும்போது மாற்றுவதே பாதுகாப்பு.

மாற்றவே கூடாத இடங்களும் உண்டு. நேரில் போய் உட்கார வேண்டிய கச்சேரிக்கு அரங்கம் இருக்கும் ஊரின் நேரம்தான் நேரம். விமான டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கணக்கிலும், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கணக்கிலும் இருப்பது இதனால்தான்.

பஞ்சாங்கத்தில் சிக்கல் இன்னும் கூடுதல். அமாவாசைத் திதி தொடங்கும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. சென்னையில் செவ்வாய் அதிகாலை 4 மணி என்றால், கோடையில் டொராண்டோவில் திங்கள் மாலை 6.30. இதைத் தாராளமாக மாற்றிக் காட்டலாம். ஆனால் ராகுகாலமும் பிரதோஷ வேளையும் அந்தந்த ஊரின் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் ஒட்டியவை. சென்னை ராகுகாலத்திலிருந்து ஒன்பதரை மணி நேரத்தைக் கழித்தால் டொராண்டோ ராகுகாலம் வராது. நேர மண்டலம் தெரிந்தாலும் போதாது: சென்னைக்கும் மும்பைக்கும் கடிகாரம் ஒன்றுதான், உதயமோ ஏறக்குறைய அரை மணி நேரம் வேறுபடுகிறது. ஆகவே வெளிநாட்டுக் கோயில்களுக்கும் குடும்பங்களுக்கும் பஞ்சாங்கம் தரும் தளங்கள் பார்ப்பவரிடம் ஊரைக் கேட்டு, அந்த ஊர் வானத்துக்குப் புதிதாகக் கணக்கிட்டுத் தரவேண்டும். அமாவாசைத் தர்ப்பணம் அங்கே திங்களா செவ்வாயா என்பதும் அந்தக் கணக்கில்தான் தெரியவரும்.