வெங்காய வேருக்குள் பதினொரு மீற்றர்

யாழ்ப்பாணத்தில் வெங்காயம் என்றால் சின்ன வெங்காயம்தான். பெரியதைச் சொல்ல வேண்டுமானால் 'பம்பாய் வெங்காயம்' என்று ஊர்ப்பெயர் சேர்க்க வேண்டும். உயர்தரத்தில் உயிரியல் படித்த எங்களுக்கு அந்தச் சின்ன வெங்காயமே ஆய்வுப்பொருள். ஈர்க்குக் குத்தி, அடி மட்டும் தண்ணீரில் முட்டும்படி கிளாசின் விளிம்பில் நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வெள்ளை வேர் இறங்கும். நுனியில் ஒன்றிரண்டு மில்லிமீற்றரை நறுக்கி, அமிலத்தில் சூடாக்கி, அசற்றோகார்மைன் சாயம் விட்டு, மெல்லிய கண்ணாடியை மேலே வைத்துப் பெருவிரலால் அமத்தினால் கலங்கள் ஒரே தட்டாகப் பரவும்.

நுணுக்குக்காட்டியில் நாங்கள் தேடியது 16 நிறமூர்த்தங்களை. அவை நடுவில் வரிசைகட்டி நிற்பதோ இரு பக்கமும் இழுபட்டுப் போவதோ அகப்பட்டால் வாங்கில் ஒரு சத்தம் எழும். மற்றக் கலங்களில், அதாவது பெரும்பாலானவற்றில், தெரிந்தது சிவப்புப் புகார் அடைத்த உருண்டை மட்டும். 'இடையவத்தை' என்று தள்ளிவிடுவோம். பழைய புத்தகங்கள் அதை ஓய்வுக் கரு என்றே எழுதின. கூத்து நடந்ததோ அந்த உருண்டைக்குள்தான்.

வெங்காயத்தின் மரபுத்தொகுதி மனிதனுடையதைவிட ஐந்து மடங்கு பெரிது. ஒரு வேர்க்கலத்தின் கருவிலுள்ள டி.என்.ஏ. இழைகளை நீட்டி ஒன்றோடொன்று முடிந்தால் ஏறத்தாழ 11 மீற்றர் வரும். மனிதக் கலத்தில் 2 மீற்றர்தான். நல்ல ஆழமான தோட்டக்கிணற்றின் துலாக்கயிற்றை, ஒரு மில்லிமீற்றரின் நூறில் ஒரு பங்கு, மிஞ்சினால் இரண்டு பங்கு அகலமுள்ள உருண்டைக்குள் வைப்பது போன்ற வேலை. சிக்கவும் கூடாது, வேண்டிய இடத்தை வேண்டிய நேரம் அவிழ்த்து வாசிக்கவும் வேண்டும்.

அதற்காக இழை கிஸ்டோன் புரதங்களில் சுற்றப்படுகிறது. எட்டுப் புரதங்கள் சேர்ந்த கட்டை ஒன்றில் 147 எழுத்துக்கள், ஒன்றரைச் சுற்றுக்குச் சற்றே கூட. பிறகு அடுத்த கட்டை, அடுத்தது. இந்த மணிமாலையைக் கோகீசின் என்ற வளையப் புரதம் பிடித்து, தடம் தடமாக இழுத்து வைக்கிறது.

கருவுக்குள் திசையும் உண்டு. கலம் பிரியும்போது நிறமூர்த்தங்கள் இடுப்பில் பிடித்து இழுக்கப்படுகின்றன. கைகள் பின்னால் இழுபடும். பிரிவு முடிந்தபின்னும் அந்தக் கோலம் கலைவதில்லை என்று 1885 இல் சலமந்தரின் கலங்களைப் பார்த்துச் சொன்னவர் கார்ல் ராபிள். 1970களில் வெங்காய வேரிலும் அதையே கண்டார்கள்: இடுப்புகள் ஒரு பக்கம், நுனிகள் மறு பக்கம். நாங்கள் புகார் என்று தள்ளியதற்குள் கிழக்கு மேற்கு இருந்திருக்கிறது.

மனிதக் கருவில் ஒவ்வொரு நிறமூர்த்தத்துக்கும் தனிக் காணி. ஆனால் வேலி இல்லை. எல்லையில் இழைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். யாழ்ப்பாணமென்றால் வழக்கு வந்திருக்கும்.

காணிக்குள்ளும் எதுவும் சும்மா இருப்பதில்லை. ஆய்வாளர்களின் செல்லக் களையான அரபிடொப்சிசுவில் 2014 இல் வெளிவந்த ஆய்வு ஒன்றை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. இருட்டில் முளைத்த நாற்றுக்கு ஒளி காட்டினார்கள். பச்சையத்தோடு சேரும் புரதங்களுக்கான பரம்பரையலகுகள் கருவின் உட்பகுதியிலிருந்து விளிம்புக்கு நகர்ந்தன. அதன் பிறகே அவற்றின் வாசிப்பு உச்சத்துக்குப் போனது. மனிதக் கலங்களிலோ விளிம்பு பெரும்பாலும் சந்தடியில்லாத மூலை.

செம்மண் தோட்டங்களில் எங்கள் வெங்காயத்தைப் பெரும்பாலும் விதைப்பதில்லை. போன போகத்துக் குமிழையே நடுகிறோம். மகரந்தமும் விதையும் குறுக்கிடாமல், அந்த 11 மீற்றர் பிரதியெடுக்கப்பட்டு, சுருண்டு, பிரிந்து, மறுபடி புகாராகி, போகத்துக்குப் போகம் வருகிறது.

என் செய்முறைக் கொப்பியை அண்மையில் எடுத்துப் பார்த்தேன். இழுபடும் நிறமூர்த்தங்களைக் கவனமாகக் கீறியிருக்கிறேன். இடையவத்தைக்கு ஒரு வட்டம், உள்ளே நாலைந்து புள்ளி. அதற்கும் சரி போட்டிருந்தார்கள்.