டப்பா சூப்பில் ஓர் ஆள் பங்கு

அமெரிக்க தேசத்துப் பலசரக்குக் கடைகளில் சிவப்பும் வெள்ளையுமான காகிதத்தைச் சுற்றிக்கொண்டு அடுக்கடுக்காக நிற்கும் காம்ப்பெல் கம்பெனியின் சூப் டப்பா ஒன்றைக் கையில் எடுத்து, அதன் முதுகுப்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சத்துக் கணக்கைப் பொறுமையாகப் படித்துப் பார்க்கிறவர்கள், அந்தச் சிறிய டப்பாவுக்குள் ஏறக்குறைய இரண்டரைப் பேருக்கான ஆகாரம் அடங்கியிருப்பதாகத் தெரிந்துகொள்வார்கள். இரண்டு பேர் என்றால் புருஷனும் மனைவியும் என்று கொள்ளலாம். மூன்று பேர் என்றால் கூட ஒரு குழந்தையையும் சேர்த்துக்கொள்ளலாம். அந்த அரை மனிதர் யார் என்பதைத்தான் கம்பெனியார் தெரிவிப்பதில்லை. உலக வழக்கமோ வேறாக இருக்கிறது. வேலையிலிருந்து களைத்து வீடு திரும்பிய ஒண்டி மனிதர் ஒருவர் அந்த டப்பாவைத் திறந்து, அதே டப்பாவால் ஒரு டப்பா தண்ணீர் ஊற்றிச் சுடவைத்து, அவ்வளவையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் குடித்துவிட்டுப் படுக்கப் போகிறார். இரண்டரைப் பேருடைய பங்கைத் தாம் ஒருவராகவே தீர்த்துவிட்ட அவர் பெருந்தீனிக்காரரா, அல்லது கணக்குப் போட்டவர்கள்தான் பிசகினார்களா?

இதற்கு விடை காண்பதற்கு முன்னால், அந்த டப்பா எதனால் அந்த அளவில் அமைந்தது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. நியூ ஜெர்ஸி ராஜ்யத்திலுள்ள காம்டன் நகரத்து அந்தக் கம்பெனியில், ஜெர்மனியின் கோட்டிங்கென் சர்வகலாசாலையில் ரசாயன சாஸ்திரம் பயின்று டாக்டர் பட்டம் பெற்று வந்திருந்த ஜான் டாரன்ஸ் என்ற வாலிபர், 1897ஆம் வருஷத்தில், வாரத்துக்கு ஏழரை டாலர் சம்பளத்தில் வேலைக்கு அமர்ந்தார். அவ்வளவு சொற்பச் சம்பளத்துக்கு அவரை அமர்த்தியவர், கம்பெனியின் தலைவராக இருந்த அவருடைய தகப்பனாரின் சகோதரரே. சூப்பில் பெரும் பகுதி தண்ணீர்தான் என்பதும், ரயிலேற்றி ஊர் ஊராக அனுப்பும்போது அந்தத் தண்ணீருக்கும் சேர்த்துக் கூலி கொடுக்க நேரிடுகிறது என்பதும், வாங்குகிறவர் வீட்டுக் குழாயிலேயே தண்ணீர் இலவசமாக வருகிறது என்பதும் எல்லோரும் அறிந்த விஷயங்களே. ஆனால் அவற்றைச் சேர்த்து யோசித்து, சூப்பிலிருந்து பாதித் தண்ணீரை நீக்கிக் கெட்டியாக்கி விற்றால் என்ன என்று கண்டவர் டாரன்ஸ். முப்பது சென்டுக்கு மேல் விலைபோன 32 அவுன்ஸ் டப்பாவுக்குப் பதிலாக, பத்து அவுன்ஸ் கெட்டிச் சூப் டப்பா பத்தே சென்டுக்குக் கிடைத்தது. ஆரம்ப வருஷங்களில் இருபத்தொன்றாகப் பெருகிய வகைகளில், சென்னைப் பட்டணத்து வெள்ளைக்காரர் வீட்டுச் சமையலறைகளில் உருவான மல்லிகட்டானியும் ஒன்றாக இருந்தது என்பது நம்மவர்களுக்குச் சுவாரசியமான செய்தி. 1914இல் டாரன்ஸ் அந்தக் கம்பெனிக்கே தலைவரானார்.

ஆகவே டப்பாவின் அளவை நிர்ணயித்தது ரயில் கூலியேயன்றி மனிதருடைய வயிறு அன்று. இக்காலத்து டப்பாவில் இருக்கும் 305 கிராம் கெட்டிச் சூப்போடு சம அளவு தண்ணீர் சேர்ந்தால் சுமார் 600 மில்லிலிட்டர் ஆகிறது. அமெரிக்கர் சமையலில் கையாளும் கோப்பை ஏறக்குறைய 240 மில்லிலிட்டர் பிடிப்பது. வகுத்துப் பார்த்தால் இரண்டரை. அரை மனிதருடைய பிறப்பு ரகசியம் இவ்வளவுதான்.

அப்படியானால் ஒரு கோப்பைதான் ஒருவருடைய பங்கு என்று விதித்தவர் யார்? 1990இல் அமெரிக்கக் காங்கிரஸ் இயற்றிய சத்துச் சீட்டுச் சட்டத்தை அநுசரித்து, 1993இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் ஒவ்வொரு வகை ஆகாரத்துக்கும் ஒரு பிரமாண அளவை வகுத்தபோது, சூப்புக்கு 245 கிராம் என்று குறித்தது. ஒருவர் எவ்வளவு உண்ண வேண்டும் என்ற வைத்திய உபதேசம் அன்று அது. ஜனங்கள் ஒரு வேளையில் வழக்கமாக எவ்வளவு உண்கிறார்கள் என்பதை எழுபதுகளிலும் எண்பதுகளிலும் விசாரித்து அறிந்த கணக்கை ஆதாரமாகக் கொண்ட அளவு. இந்த பேதத்தைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. மரக்கால் நெல்லை அளக்குமேயன்றி, வீட்டுக்காரர் எத்தனை கவளம் உண்ணலாம் என்று சொல்லாது. மேலும், சூப் என்பது ரொட்டிக்கும் இறைச்சிக்கும் முன்னாலோ பக்கத்திலோ வந்து நிற்கும் உபபதார்த்தமாக இருந்தால் ஒரு கோப்பை போதுமானதுதான். அதுவே போஜனம் முழுவதும் என்று ஆகிவிட்டால் ஒரு கோப்பை யாருக்குப் போதும்? தனியாக உண்கிறவர்களும் பெருகிவிட்டார்கள்: 1940இல் அமெரிக்காவில் நூறு வீடுகளில் ஏறக்குறைய எட்டு வீடுகளில்தான் ஒருவர் தனியாக வசித்தார். 2020இல் அது சுமார் இருபத்தெட்டாகப் பெருகிவிட்டது.

ஒரு கோப்பையோடு ஜனங்கள் நிறுத்துவதில்லை என்பதை நிர்வாகத்தாரும் ஒருவாறு ஒப்புக்கொண்டு, 2016இல் விதிகளைத் திருத்தினார்கள். பிரமாண அளவில் இரண்டு மடங்குக்குக் குறைவாக உள்ள எந்தப் பொட்டலத்தையும் ஒருவர் பங்காகவே கணக்கிட வேண்டும் என்பது புதிய விதி. அதன்படி, தண்ணீர் சேர்க்க வேண்டாத 15 அவுன்ஸ் சூப் டப்பா, முன்பு இரண்டு பேருக்கானது என்று சொல்லிக்கொண்டிருந்தது, இப்போது ஒரே ஆளுக்கானதாகிவிட்டது. ஒரே இரவில் மனிதர் வயிறு இரட்டித்துவிடவில்லை. சீட்டுத்தான் யதார்த்தத்துக்கு இறங்கி வந்தது. இங்கிலாந்தில் 400 கிராம் டப்பாதான் பிரசித்தம். அங்கே பல டப்பாக்கள் பாதி டப்பாவே ஒருவர் பங்கு என்று இன்னமும் சாதிக்கின்றன.

சட்டத்தை விட்டுவிட்டு உடம்பின் பக்கம் நின்று பார்த்தால்தான் விஷயத்தின் விபரீதம் புலனாகிறது. கோழியும் நூடுலும் சேர்ந்த சாதாரணக் கெட்டிச் சூப்பை எடுத்துக்கொள்வோம். சீட்டுப்படி ஒரு பங்கில் சுமார் 60 கலோரி. முழு டப்பாவைக் குடித்தாலும் 150க்கு மேல் போகாது. இரண்டு துண்டு ரொட்டியில் கிடைக்கும் சக்தி அவ்வளவுதான். புரதமோ, ஒரு முட்டையில் இருப்பதைக் காட்டிலும் சற்றே அதிகம். பசியின் கட்சியில் வாதாடுகிறவர், ஒரு டப்பா போதாது, இரண்டு டப்பா வேண்டும் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அதே பங்கில் சுமார் 890 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது. முழு டப்பாவில் 2200க்கு மேல் ஆகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் வயது வந்த ஒருவருக்கு நாள் முழுவதற்கும் அனுமதிப்பதோ 2000 மில்லிகிராமுக்கும் குறைவு, அதாவது 5 கிராம் உப்புக்கு உட்பட்டது. வயிற்றுக்குக் கால் சாப்பாடு கொடுத்துவிட்டு, ரத்தக் குழாய்களுக்கு ஒரு நாள் உப்பையும் அதற்கு மேலும் கொடுத்துவிடுகிற பதார்த்தத்துக்கு எதைக்கொண்டு அளவு சொல்வது? உப்பைக் கொண்டுதான் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். பசிக்கு வேறு ஆகாரத்தைத் துணை சேர்த்துவிடலாம். உட்சென்ற உப்பைத் திரும்ப எடுக்க வழியில்லை.

கெட்டுப்போகாமல் இருக்கும்பொருட்டே இவ்வளவு உப்பு என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று. பிரெஞ்சுக்காரரான நிக்கொலா அப்பேர் 1810இல் பிரசுரித்த முறை முதல் இன்றுவரை, காற்றுப் புகாமல் மூடிக் கடும் உஷ்ணத்தில் வேகவைப்பதுதான் டப்பா ஆகாரத்தைக் காக்கிறது. உப்பு நாவுக்காகச் சேர்வதேயன்றிக் காவலுக்காக அன்று. அதனால்தான் உப்புக் குறைந்த டப்பாக்களும் கெடாமல் இருக்கின்றன. அவற்றை வாங்குகிறவர்கள் ஒரு சூட்சுமத்தைக் கவனிக்க வேண்டும்: அமெரிக்க விதிப்படி, சோடியம் குறைந்தது என்று எழுதினால் ஒரு பங்கில் 140 மில்லிகிராமுக்கு மிஞ்சக் கூடாது, சோடியம் குறைக்கப்பட்டது என்று எழுதினாலோ, வழக்கமான டப்பாவைவிட நூற்றுக்கு இருபத்தைந்து குறைந்திருந்தால் போதும்.

சூப்புக்கு ஒரு நற்குணம் உண்டு. பென்ஸில்வேனியா ஸ்டேட் சர்வகலாசாலையைச் சேர்ந்த பார்பரா ரோல்ஸ் என்ற அம்மையார் தம் சகாக்களுடன் 1999இல் நடத்திய பரீக்ஷையில், ஒரே பதார்த்தத்தைச் சிலசமயம் பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரோடும், சிலசமயம் அந்தத் தண்ணீரையே கலந்து சூப்பாக்கியும் பெண்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்; சூப்பாகக் குடித்த நாட்களில் அவர்கள் பின்னால் வந்த பகல் உணவைக் குறைத்தே உண்டார்கள். 2007இல் வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், உணவுக்கு முன் சூப் குடித்தவர்கள், சூப்பையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், அந்த வேளையில் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே சக்தி பெற்றார்கள். அடியிலிருந்து குழாய் வழியாகத் தானே நிரம்பிக்கொண்டிருக்கும் கிண்ணத்திலிருந்து குடித்தவர்கள், தங்களை அறியாமலே 73 சதவீதம் அதிகம் குடித்தார்கள் என்று 2005இல் பிரையன் வான்சிங்க் என்பவர் எழுதியதையும் பலர் எடுத்துச் சொல்வார்கள். அவருடைய வேறு பல கட்டுரைகள் பின்னால் வாபஸ் பெறப்பட்டு, 2018இல் அவர் பணியாற்றிய கார்னெல் சர்வகலாசாலையே அவர்மீது குற்றம் கண்டதால், நான் அதன்மேல் பாரம் ஏற்ற மாட்டேன். சிறிய கிண்ணத்தை எடுத்துக்கொள்வதற்கு அவருடைய சாட்சியம் நமக்கு அவசியமும் இல்லை.

ஆகவே தனியாக உண்பவருக்கு நான் சொல்லக்கூடிய அளவு இது: வேறு உணவு உண்டென்றால், கலந்த சூப்பில் ஒரு கோப்பை, சூப்பே பிரதானம் என்றால், அரை டப்பா கெட்டிச் சூப்பில் தண்ணீரைச் சற்றுத் தாராளமாக விட்டு, உப்பில்லாமல் வெந்த பயறோ, காரட்டும் பீன்ஸுமோ, ஒரு பிடி சோறோ சேர்த்துக் கொதிக்கவைத்து, ஒன்றரை முதல் இரண்டு கோப்பை. உப்பு பாதியாகும், வயிறும் நிரம்பும். ஏற்கெனவே ரத்தக் கொதிப்புக்கோ சிறுநீரகக் கோளாறுக்கோ வைத்தியம் செய்துகொள்கிறவர்கள், தங்கள் வைத்தியர் விதித்த உப்புக் கணக்கைக் கேட்டே நடக்க வேண்டும்.

மீதியை என்ன செய்வது என்ற சங்கடத்துக்காகவே முழு டப்பாவையும் தீர்த்துவிடுகிறவர்கள் அநேகர். டப்பா முழுவதற்கும் தண்ணீர் கலந்துவிடாமல், வேண்டிய அரைப் பங்கை மட்டும் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு, எஞ்சிய கெட்டிச் சூப்பைத் திறந்த தகரத்திலேயே விட்டுவைக்காமல் மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைத்தால், மூன்று நாள் வரை நன்றாகவே இருக்கும்.