வெள்ளி வாங்கி வைக்கலாமா?



"தங்கம் எட்டாத உயரத்துக்குப் போயிடுச்சு, வெள்ளியாவது கொஞ்சம் கொஞ்சமா வாங்கிப் போடலாமா?" குழுக் கூட்டங்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. வெள்ளி நமக்குப் புதுசு இல்லை. குழந்தைக்கு அரைஞாண், பெண்ணுக்குக் கொலுசு, கல்யாணத்துக்கு மெட்டி என்று காலம்காலமாக வாங்குகிறோம். ஆனால் போட்டுக்கொள்ள வாங்குவது வேறு, சேமிப்பாக வாங்குவது வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் வாங்கினால் விற்கப் போகிற அன்றைக்குத்தான் நஷ்டம் தெரியவரும்.

விலை ஏறும், இறங்கவும் செய்யும்

2011 ஏப்ரலில் வெள்ளி கிலோ 70,000 ரூபாயைத் தாண்டியது. 2015 கடைசியில் ஏறக்குறைய பாதியாக இறங்கிவிட்டது. பழைய விலையை மறுபடி பார்க்க 2020 வரை ஆனது. 2025 கடைசியில் இரண்டு லட்சத்தையும் தாண்டியது. பொறுத்திருந்தவருக்கு லாபம். நடுவில் மகள் படிப்புக்காக விற்றவருக்குப் பாதிப் பணம் போச்சு.

அதனால் பல வருஷம் தொட வேண்டியிராத பணத்தில் மட்டும் வாங்குங்கள். குழுக் கடன் எடுத்து வாங்கவே வேண்டாம். மாதம் நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றால் வருஷத்துக்கு 12 ரூபாய். வெள்ளி விலை இறங்கினாலும் வட்டி இறங்காது.

கொலுசா, காசா?

100 கிராம் கொலுசு வாங்குகிறோம். அதன் தரம் 80 சதவீதம் என்றால் சுத்த வெள்ளி 80 கிராம்தான், மீதி செம்பு போன்ற கலப்பு. செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்துக் கொடுக்கிறோம். விற்கும்போது இவை எதுவும் திரும்பாது. போதாததற்குக் கொலுசு காலில் தேய்ந்து எடையும் குறையும்.

சேமிப்புக்கு என்றால் 999 தர வெள்ளிக் காசு நல்லது. கலப்பு மிகக் குறைவு, கூலியும் குறைவு. வாங்கும் முன்பே கடைக்காரரிடம், "நாளைக்கு இதையே திருப்பிக் கொடுத்தா என்ன விலைக்கு எடுப்பீங்க?" என்று கேளுங்கள். "ஜெர்மன் சில்வர்" பாத்திரத்தில் ஏமாந்துவிடாதீர்கள். அது செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளியே கிடையாது.

2025 செப்டம்பர் முதல் வெள்ளி நகைக்கும் ஆறு எழுத்து-எண் கொண்ட ஹால்மார்க் அடையாளம், கட்டாயமில்லாமல் விருப்பத்தின் பேரில், தொடங்கப்பட்டது. முத்திரை உள்ளதைக் கேட்டு வாங்குங்கள். பில் கட்டாயம் வேண்டும். அதில் எடை, தரம், கூலி தனித்தனியாக இருக்கட்டும்.

அவசரத்துக்கு அடகு

ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, வெள்ளி நகைக்கும் காசுக்கும் வங்கிகள் கடன் தரலாம். ஒருவருக்கு நகை 10 கிலோ வரை, காசு 500 கிராம் வரை. வெள்ளிக் கட்டிக்குக் கடன் கிடையாது. கிராமத்தில் இருக்கும் நமக்குக் கட்டியைவிடக் காசு உதவும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் வங்கிக் கிளை வெள்ளிக்குக் கடன் தருகிறதா என்று முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பத்திரமாக வைப்பது

வெள்ளி கறுத்தால் பயப்பட வேண்டாம். காற்றில் உள்ள கந்தகம் பட்டு மேலே படிவதுதான் அது, மதிப்பு போய்விடாது. ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதிலும் கந்தகம் உண்டு. ஈரமில்லாமல் துணியில் சுற்றி வையுங்கள். மெருகு போடக் கொடுத்தால் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எடை போடுங்கள்.

தங்கத்தைவிட வெள்ளி இடத்தை அடைக்கும். நிறைய சேர்ந்தால் வீட்டில் வைப்பது ஆபத்து.

முதலில் குழுச் சேமிப்பு, அடுத்து மருத்துவச் செலவுக்குக் கையிருப்பு, அதற்கும் மேல் மிஞ்சுவதில் வெள்ளி. இந்த வரிசையை மாற்றாமல் இருந்தால் விலை இறங்கினாலும் நாம் கலங்க வேண்டியதில்லை. அடுத்த குழுக் கூட்டத்தில் இதை வாசித்து, எல்லோரும் பேசிப் பாருங்கள்.