ஒரு ஸ்பூன் தைலத்தில் எத்தனை இலை?

ஊட்டிக்குச் சுற்றுலா போகிறவர்கள் வர்க்கியும் தைலமும் வாங்காமல் பஸ் ஏறுவதில்லை. ஊத்தங்கரை, கல்லாவி, சிங்காரப்பேட்டை பக்கம் எந்த வீட்டு அலமாரியைத் திறந்தாலும் ஒரு நீலகிரித் தைல பாட்டில் இருக்கும். இப்போது அதோடு எலுமிச்சைப் புல் எண்ணெய், சிட்ரோனெல்லா, டீ ட்ரீ ஆயில் என்று நாலைந்து சேர்ந்துவிட்டன. கொசுவர்த்தியும் ஃபினாயிலும் வேண்டாம் என்று முடிவெடுத்த நம்ம மாதிரி ஆட்கள் வீட்டில்தான் இவை அதிகம். நல்லதுதான். ஆனால் "இயற்கைதானே, என்ன பண்ணிடப் போகுது" என்ற நினைப்பும் கூடவே வந்துவிடுகிறது. அங்கேதான் ஆபத்து.

வங்கியில் முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு பார்த்த பழக்கம் எனக்கு. இதையும் கணக்காகவே பார்ப்போம். நல்ல தைல இலை 100 கிலோ காய்ச்சினால் சுமார் ஒரு கிலோ தைலம் கிடைக்கும். அதாவது நூற்றுக்கு ஒன்று. நம் பாட்டி ஆவி பிடிக்க ஒரு கைப்பிடி இலை போட்டார். 20 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பது நாலு சொட்டுத் தைலம். அதிலும் பாதி அடுப்பிலேயே பறந்துவிடும். இன்று பாட்டிலைச் சாய்த்து ஒரு ஸ்பூன், 5 மில்லி, வெந்நீரில் ஊற்றுகிறோம். அது அரைக் கிலோ இலை! எலுமிச்சைப் புல்லில் எண்ணெய் இன்னும் குறைவு; ஒரு ஸ்பூனுக்கு ஒரு கிலோ பச்சைப் புல் வேண்டும். டீயில் நாம் போடுவதோ இரண்டு மூன்று தாள். ஓம வாட்டருக்கும் ஓம எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசமும் இதேதான். பாட்டி வைத்தியம் என்று சொல்லிக்கொண்டு பாட்டி கண்ணாலும் பார்க்காத அளவைக் கொடுக்கிறோம்.

(தைல மரமே நம்ம ஊர் மரம் கிடையாது. 1843-இல் கேப்டன் காட்டன் என்ற ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து நீலகிரிக்குக் கொண்டுவந்தது. நம் மேட்டு நிலங்களில் காகித ஆலைக்காக நட்டிருப்பது வேறு ரகம், அதில் எண்ணெய் குறைவு.)

அளவு மீறினால் என்ன ஆகும்? நமக்குப் பக்கத்திலேயே, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் நரம்பியல் மருத்துவர் தாமஸ் மேத்யூவும் அவர் குழுவும் தென்னிந்திய மருத்துவமனைகள் நான்கில் நாலு வருஷம் ஓர் ஆய்வு செய்து 2021-இல் வெளியிட்டார்கள். வலிப்பு வந்து சேர்ந்த பெரியவர்கள் 350 பேரை விசாரித்ததில் 55 பேருக்கு வலிப்புக்கும் இத்தகைய எண்ணெய்களுக்கும் தொடர்பு தெரிந்தது. யூகலிப்டஸும் கற்பூரமும்தான் முக்கியமானவை. குடித்தவர்கள் மட்டுமில்லை, முகர்ந்தவர்கள், தேய்த்துக்கொண்டவர்களும் அதில் உண்டு. 55 பேரில் 22 பேருக்கு அதற்கு முன் வலிப்பு நோயே கிடையாது. ஆகவே வீட்டில் வலிப்பு உள்ளவர் இருந்தால் இந்த இரண்டையும் அவர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். தலைவலித் தைலம், பாம் எல்லாம் இதில் சேர்த்திதான்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் சூடாக்கி நெஞ்சில் தேய்ப்பது நம் வீடுகளில் சாதாரணம். இரண்டு வயதுக்குக் கீழ் அது வேண்டவே வேண்டாம். மூக்கில் தடவுவதும் கூடாது, மூச்சு அடைத்துக்கொள்ளும். ஒரு கிராம் கற்பூரம் விழுங்கினால் சிறு குழந்தையின் உயிருக்கே ஆபத்து. பூஜை அலமாரியில் வெள்ளை வில்லையாக மிட்டாய் மாதிரி இருப்பதை நினைத்துப் பாருங்கள். தைலமும் அப்படித்தான், குழந்தைக்கு ஒரு ஸ்பூனே மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோகும்.

விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், பால் எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தியில் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் அது தனி ஆபத்து. 108-ஐக் கூப்பிட்டு, பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். "நல்லாத்தானே விளையாடுது" என்று காத்திருக்க வேண்டாம். கொஞ்ச நேரம் கழித்துத் திடீரென்று வலிப்பு வரும்.

வேப்பெண்ணெய் வாசனைத் தைலம் இல்லை, அது பிழிந்த எண்ணெய். ஆனால் நம் எல்லார் வீட்டிலும் கேன் கேனாக இருப்பதால் சொல்கிறேன். சளிக்கு, பூச்சிக்கு என்று கைக்குழந்தைக்கு வேப்பெண்ணெய் புகட்டி, வாந்தி, மயக்கம், வலிப்பு வந்து கல்லீரல் கெட்ட சம்பவங்கள் மலேசியாவின் இந்தியக் குடும்பங்களில் நடந்தன. சின்னையா என்ற மருத்துவர் 1981-இல் லான்செட் மருத்துவ இதழில் இதை எழுதினார். பயிருக்கு அடிக்கிற எண்ணெய் பயிருக்கு மட்டும் இருக்கட்டும்.

தோலில் தடவுவதற்கு வருவோம். பெரியவர்களுக்கு 100 மில்லி தேங்காய் எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ 20 முதல் 40 சொட்டு போதும். ஒரு மில்லி ஏறக்குறைய 20 சொட்டு. முதலில் முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். எலுமிச்சைப் புல் எண்ணெய் பலருக்கு அரிக்கும். கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொட வேண்டாம். எலுமிச்சைத் தோலைப் பிழிந்து எடுத்த எண்ணெயைத் தடவிக்கொண்டு வெயிலில் களை எடுக்கப் போனால், தடவிய இடம் வெந்து கருத்துவிடும். கண்ணில் பட்டால் நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும்.

வீடு துடைக்கும்போது இன்னொன்று கவனிக்க வேண்டும். எண்ணெய் தண்ணீரில் கரையாது, மேலே மிதக்கும். தைலத்தை அப்படியே வாளியில் விட்டால் ஓர் இடத்தில் மொத்தமாய்ப் படியும். நாம் வேப்பெண்ணெய்க்குக் காதி சோப்பு கரைப்பதில்லையா, அதேபோல் கரைத்துவிட்டு ஊற்றுங்கள். பூனை உள்ள வீட்டில் இதையும் தவிர்ப்பது நல்லது. தரையில் பட்டதை அது காலோடு நக்கும். அதன் கல்லீரலுக்கு இதைச் சமாளிக்கும் சக்தி குறைவு.

அடுப்பு, விளக்குப் பக்கம் தைலம் வைக்காதீர்கள். சுமார் 50 டிகிரி சூட்டில் அதன் ஆவி தீப்பிடிக்கும். நம் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழ் அந்தச் சூடு தூரமில்லை. கருப்போ பழுப்போ நிறமுள்ள கண்ணாடிப் பாட்டிலில், நிழலில் வையுங்கள். பிளாஸ்டிக்கை இந்த எண்ணெய்கள் அரித்துவிடும். பழசாகி வாசனை மாறினால் தோலுக்கு ஆகாது.

நம்மில் சிலர் எண்ணெய் காய்ச்சிச் சந்தையில் விற்கிறோம். தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுப்பதை முதலில் நிறுத்த வேண்டும். தாகத்தில் ஒரு பிள்ளை எடுத்துக் குடித்தால் என்ன கதி? சொட்டு மூடி போட்ட சின்னப் பாட்டில் கொஞ்சம் கூடுதல் செலவு, அவ்வளவுதான். அதில் என்ன எண்ணெய், எந்த மாதம் காய்ச்சியது, "குடிக்கக் கூடாது", "குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கவும்" என்று தமிழில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர் வாங்கினால் வாயால் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள்.